வெள்ளைத் துணிச் சத்தியம்

சாயப்பட்டறை ஊரான மேலப்பட்டறைக்காரர்கள் பெண் கேட்டுப் போனால், தட்டில் பூ பழத்தோடு ஒரு முழம் வெள்ளைத் துணியும் இருக்கும். பெண் வீட்டார் கண் முன்னால் அதை ஆற்றில் முக்கி, பிழிந்து, உதறிக் காட்ட வேண்டும். துணி வெள்ளையாகவே இருந்தால்தான் பேச்சு மேலே நகரும்.

ஆற்றோடு கீழே இருக்கிற கரைப்பாளையத்துப் படித்துறையில் நாச்சிமுத்துவும் மகன் அகிலனுக்காக அப்படித்தான் முக்கினார். முழங்கால் அளவு தண்ணீரில் கால்விரல் நகம்கூடத் தெரிந்தது. துணியை உதறினார். பளிச்சென்று இருந்தது.

"போதுங் சம்பந்தி, மேல வாங்க," என்று பெண்ணின் தாய் துளசிமணி சிரித்தாள். "தண்ணி நல்லாத்தான் இருக்குது. உங்க ஊர்ச் சாயந்தான் இப்பல்லாம் நிக்கறதே இல்ல. பொங்கலுக்கு எடுத்த சேலை, நாலு வாட்டி தொவச்சுக் கொடியில போட்டதுக்கே அடையாளம் தெரியாமப் போச்சு. மட்டச் சாயத்தப் போட்டு ஏமாத்தறீங்களாக்கும்?"

கூட வந்த ஒரம்பரைச் சொந்தபந்தம் மொத்தமும் சிரித்தது. நாச்சிமுத்துவும் சிரித்தார். அந்தச் சேலை ஏன் வெளுத்தது என்று அவருக்குச் சட்டென்று புரிந்துவிட்டது.

அவர் இளவட்டமாக இருந்தபோது, மேலப்பட்டறையில் அன்றைக்கு என்ன சாயம் ஓடுகிறதோ அதுதான் ஆற்றின் நிறம். அப்போது இதே கரைப்பாளையத்துக்கு அவருக்குப் பெண் கேட்டு அவர் வீட்டார் வந்தார்கள். பெண் வீட்டார் ஒரு வார்த்தை திட்டவில்லை. அவருடைய அப்பா முன்னால் ஒரு டம்ளரில் ஆற்றுத் தண்ணீரை வைத்தார்கள். கத்தரிப்பூ நிறத்தில் இருந்தது. "குடிச்சுட்டுப் பேசுங்க" என்றார்கள். அப்பா எழுந்து நடந்தார். அதற்குப் பிறகு அப்பா எந்த வீட்டிலும் டம்ளரில் தண்ணீர் வாங்கிக் குடித்ததில்லை.

அதையெல்லாம் துடைத்துப் போட வந்ததுதான் சாயந்தின்னி. கண்ணுக்கே தெரியாத பொடி. ஒரு தலைமுடியின் அகலத்தில் ஆயிரக்கணக்கில் அடுக்கலாம். வெயில் பட்டால் விழித்துக்கொள்ளும். பக்கத்தில் இருக்கிற சாயத்தைத் துண்டு துண்டாக உடைத்துப் போடும். நிழலில் தூங்கிவிடும். எவ்வளவு தின்றாலும் அது மட்டும் தீராது.

சாயக்கழிவை ஒளிக்குளத்தில் பாய் விரித்த மாதிரி மெல்லிசாகப் பரப்பி இந்தப் பொடியைத் தூவினால், வெயில் இறங்குவதற்குள் தண்ணீர் கண்ணாடி ஆகிவிடும். பொடியின் ஒவ்வொரு துகளுக்குள்ளும் இரும்பு இருந்தது. தண்ணீர் ஆற்றுக்குப் போகிற வாயில் ஒரு காந்தச் சல்லடை பொடியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அந்தக் குளத்துக்கும் சல்லடைக்கும் நாச்சிமுத்துதான் பொறுப்பு.

சல்லடை மெதுவாகத்தான் வடிக்கும். குளம் நிரம்பினால் பட்டறைகள் நிற்கும். பட்டறை நின்றால் ஆளாளுக்குக் கூப்பிட்டுக் கத்துவார்கள். ஒருநாள் அவர் சல்லடையைக் கொஞ்சம் மேலே தூக்கிவிட்டு, பயத்தோடு வெள்ளைத் துணியை முக்கிப் பார்த்தார். துணி வெள்ளையாகவே இருந்தது. மறுநாள் இன்னும் கொஞ்சம் தூக்கினார். அப்போதும் வெள்ளைதான். பிறகு சல்லடை இறங்கவே இல்லை. ஊரே வெள்ளைத் துணியைத்தான் முக்கியது. பெருமைக்கு வெள்ளையைத்தான் உடுத்தியது. நிறத்தைத் தின்கிற பொடியை வெள்ளைத் துணியில் தேடினால் எப்படித் தெரியும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

துளசிமணி சொன்ன பிறகு அவருக்குத் தோன்றியது. அன்றைக்கே இறக்கியிருக்கலாம். இறக்கினால் குளம் பொங்கும். பொங்கினால் கறுப்புத் தண்ணீர் ஆற்றில் விழும். கல்யாணத்தன்று சம்பந்தி வீட்டார் அதைப் பார்ப்பார்கள். அந்த டம்ளர் ஞாபகம் வந்தது. தண்ணீர் இன்னும் தெளிவாக இருக்கட்டும் என்று பொடியை இரண்டு மடங்காகத் தூவினார். கல்யாணம் முடியட்டும், இறக்கிவிடலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

இதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. கூறைப்புடவையை ஆற்றுத் தண்ணீரில் நனைத்துத்தான் பெண்ணுக்குக் கொடுப்போம் என்று ஒரம்பரை நடுவில் ஏற்கெனவே வாய்விட்டுச் சொல்லியிருந்தார். திருப்பி வாங்க முடியவில்லை.

புடவையை நனைத்து வீட்டுக்குள்ளேயே உலர்த்தினார்கள். தாலிக் கயிற்றுக்கு மஞ்சள் குழைத்ததும் ஆற்றுத் தண்ணீரில்தான். கரைப்பாளையத்தில் பந்தல் நிழலில் அகிலன் தாலி கட்டினான். பூவரசி அரக்குச் சிவப்பில் ஜொலித்தாள். பிறகு பெண்ணும் மாப்பிள்ளையும் ஆற்றைக் கும்பிட மேளத்தோடு படித்துறைக்கு நடந்தார்கள். வெயில் நன்றாக ஏறியிருந்தது.

முதலில் தோள்பட்டைதான் வெளுத்தது. யாரோ சுண்ணாம்பு பட்டிருக்கிறது என்று தட்டிவிட்டார்கள். படியில் இறங்குவதற்குள் முந்தானை முழுக்க ரோஜா நிறமாகி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெள்ளையாகிவிட்டது. மடிப்புக்குள் மட்டும் சிவப்பு கோடு கோடாக இருந்தது. மேளம் அதுவாகவே நின்றது.

"தாலி ஏறி வாசல் தாண்டல, அதுக்குள்ள வெள்ளச் சீலையா?" என்றாள் மாப்பிள்ளை பக்கத்துப் பெரியம்மா ஒருத்தி. "என்ன ராசியோ போ, இவ ஜாதகத்த யாரு பாத்தது?"

பூவரசி குனிந்து தன் உடம்பைப் பார்த்தாள். அழவில்லை. வெளுத்த இடத்தை விரலால் தேய்த்துப் பார்த்தாள்.

அகிலன் அப்பாவின் பக்கத்தில் வந்தான். அவன் சின்ன வயதில் விளையாடியதே ஒளிக்குளத்துக் கரையில்தான். "அப்பா," என்றான் தாழ்ந்த குரலில். "சல்லடை எறங்கித்தான இருக்குது?"

"எறங்கித்தான் கண்ணு இருக்குது."

சொல்லி முடித்த கணத்தில் அவருக்குக் காது சுட்டது. மகன் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். அதற்குள் அந்தப் பெரியம்மா மறுபடியும், "அய்யோ, கவுறப் பாருங்க!" என்று கத்தினாள். பெண்ணின் கழுத்தில் மஞ்சள் கயிறு பிடரிப் பக்கம் வெளுத்துக்கொண்டு வந்தது.

பூவரசி முந்தானையை இழுத்துக் கழுத்தை மூடினாள். தாலியைக் கைக்குள் வைத்து இறுக்கிக்கொண்டாள். யாரையும் பார்க்காமல் நாச்சிமுத்துவை மட்டும் பார்த்தாள். அப்பாவும் பிள்ளையும் பேசியது அவள் காதில் விழுந்திருக்க வேண்டும்.

"அம்முணி மேல ஒரு குத்தமும் இல்லீங்," என்றார் நாச்சிமுத்து. பிறகு எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். "சல்லடையத் தூக்கி உட்டது நானு. அந்தப் பொடி பூராவும் ஆத்துலதான் இருக்குது. ரொம்ப நாளா இருக்குது. தெரிஞ்சேதான் சீலைய நனைச்சுக் குடுத்தேன்."

துளசிமணி மெதுவாகப் படியில் உட்கார்ந்தாள்.

"ஆத்துத் தண்ணியில மஞ்சள வேகவெச்சு எங்க களத்துல காயப்போட்டா சுண்ணாம்புக்கட்டியாட்டம் வெளுக்குது. யாவாரி கையிலயே தொட மாட்டீங்கறான்," என்றாள். "நாங்க மண்ணத் திட்டினோம். வெதையத் திட்டினோம். சாயத்த உட்டீங்க, கண்ணுல பாத்தோம், சண்டைக்கு வந்தோம். இதை எங்கீங்க சம்பந்தி பாக்கறது?"

பூவரசிதான் மரத்தடிக்கு நகர்ந்து நின்று கேட்டாள். "நெழல்ல நின்னா வெளுக்காதுங்களா மாமா?"

"வெளுக்காது அம்முணி."

"எத்தன நாளைக்கு நிக்கோணுங்க?"

எவ்வளவு தின்றாலும் தீராது என்று சொல்லித்தான் அந்தப் பொடியை ஊருக்குள் விற்றார்கள். ஊரார் அன்றைக்குக் கைதட்டினார்கள். அவரும் தட்டினார். இப்போது அதைச் சொல்ல வாய் வரவில்லை.

சாப்பாட்டுப் பந்தியில் யாரும் அவரைத் திட்டவில்லை. இலையில் எல்லாம் குறையில்லாமல் வைத்தார்கள். கிளம்பும்போது துளசிமணி தாம்பூலப் பையைக் கையில் கொடுத்தாள். வெற்றிலை பாக்குக்கு மேல் சிவப்பாக ஒரு ரவிக்கைத் துணி இருந்தது.

"இனிமேப்பட்டு இத முக்கிக் காட்டுங்க," என்றாள். "பொறவு வெயில்ல போடுங்க. நாங்க உக்காந்து பாக்கறோம்."

மறுநாள் காலையில் நாச்சிமுத்து சல்லடையை இறக்கினார். குளம் ஏறத் தொடங்கியது. கைப்பேசி விடாமல் அடித்தது, எடுக்கவில்லை. பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் தட்டில் பூவும் பழமும் வெள்ளைத் துணியுமாக வந்து நின்றார்.

"இன்னிக்குப் பொண்ணு கேக்கப் போறமுங்க. துணி வெள்ளையாத்தான இருக்கும்?"

"இருக்கும்," என்றார் நாச்சிமுத்து. "அதாங்க வெசனம்."

வந்தவர் புரியாமல் பார்த்துவிட்டுப் போனார்.

நாச்சிமுத்து குளத்து வாய்க்குக் கீழே இறங்கி, ஆற்றில் சிவப்புத் துணியை முக்கினார். பிழிந்தார். கரைச் சுவரின் மேல் விரித்துப் போட்டார். ஈரத்தில் அது இன்னும் சிவப்பாக இருந்தது.

வெயில் அவர் முதுகில் அடித்தது. அவருடைய நிழல் துணியின் மேல் முழுதாக விழுந்திருந்தது. ஓர் அடி தள்ளி நின்றால் போதும், துணியில் வெயில் படும், ஆற்றில் இன்னும் பொடி இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

கைப்பேசி மறுபடி அடித்தது. குளம் தளும்பிக்கொண்டிருந்தது. அவர் தள்ளி நிற்கவில்லை.