தெற்கு மூலை மாமரம்

கேரளத்துக் கர்க்கடக மாத மழை விடாமல் கொட்டிய காலை. கிரிஜா கொண்டுவந்து வைத்த கஞ்சிக் கிண்ணத்தை மாமியார் பார்கவியம்மா ஒரு விரலால் தள்ளிவிட்டாள்.

"ஊருக்கெல்லாம் மெம்பர். எனக்கு நீ யாரு?"

ஈர ஓலையை அடுப்பில் திணித்து ஊதி ஊதிக் கிரிஜாவின் கண்கள் சிவந்திருந்தன. வாசலில் அதற்குள் ஆட்கள் குடையை மடக்கிக்கொண்டு நின்றார்கள். ஒருத்திக்கு விதவைப் பென்ஷன் வரவில்லை, இன்னொருவர் தெருவில் விளக்கு எரியவில்லை. பஞ்சாயத்து மெம்பர் வீட்டில் பொழுது இப்படித்தான் விடியும்.

முன்பு, வீட்டுக்குப் பின்னாலுள்ள காலனிக்கு வண்டி போக வழியில்லாமல் இருந்தது. நோயாளிகளை நாற்காலியில் வைத்துத்தான் தூக்கி வருவார்கள். கிரிஜா வீடு வீடாக ஏறி இறங்கி, வழிக்காகக் கொஞ்சம் நிலம் கேட்டாள்.

"முதல்ல உங்க மதிலை இடிங்க மெம்பரே, அப்புறம் எங்க கிட்ட வாங்க" என்றார்கள்.

இடித்தாள். மதிலோடு தெற்கு மூலை மாமரமும் போயிற்று. ஊர் வழக்கப்படி பார்கவியம்மாவின் சிதைக்கென்று அவள் புருஷன் நட்டுவிட்டுப் போன மரம். மகன் சசிக்கும் சம்மதம்தான். ஆனால் அம்மாவிடம் முன்கூட்டிச் சொல்ல யாருக்கும் நாக்கு எழவில்லை. வெட்டிய மரத்தை மருமகள் விற்றுவிட்டாள் என்று நாத்தனார் உஷா போனில் ஊதிவிட, பார்கவியம்மா அன்றிலிருந்து கிரிஜா கையால் சரியாகச் சாப்பிடுவதில்லை.

இன்று வாசலில் நின்றவர்களுக்கிடையே காலனிக் குமாரனின் மகன் சஜீவன் நனைந்தபடி வந்து நின்றான்.

"அப்பா போயிட்டார் மெம்பரே... ஆஸ்பத்திரிக்கு இந்த வழியாத்தான் வண்டியில கொண்டுபோனோம். அந்தக் கௌரவமாவது கிடைச்சுது. மூணு சென்ட் நிலத்துல எங்களுக்கு ஏது மாமரம்? காஞ்ச விறகு எங்கயாவது இருக்கா?"

கிரிஜாவின் பார்வை மாட்டுக்கொட்டகைப் பக்கம் போய்த் திரும்பியது.

"இருக்கு சஜீவா... ஆனா அது வேற ஒருத்தருக்கு வெச்சது. நான் வேற இடத்துல கேக்கறேன்."

அந்தப் பார்வையைப் பார்கவியம்மா கவனித்துவிட்டாள். கம்பை ஊன்றிக்கொண்டு கொட்டகைக்கு நடந்தாள்; கிரிஜாவும் சஜீவனும் பின்னாலேயே போனார்கள். உள்ளே மாமர விறகு வரிசையாக அடுக்கி, தார்ப்பாய் போட்டு மூடியிருந்தது. தொட்டுப் பார்த்தாள். துளி ஈரமில்லை. அடுப்புக்கு வைத்திருந்த விறகோ வெளியே மழையில் ஊறிக் கிடந்தது.

"விக்கலையா நீ?"

"உங்களோடது. நான் எப்படிம்மா விப்பேன்?"

"இத்தனை நாள் திட்டு வாங்கினியே... ஒரு வார்த்தை சொன்னா என்ன?"

கிரிஜா தலை குனிந்தாள். "உங்க சிதைக்கு விறகு தயாரா இருக்குன்னு, உயிரோட இருக்கறவங்க கிட்ட எப்படிச் சொல்றது?"

பார்கவியம்மா மருமகளின் சிவந்த கண்களைத் தன் முந்தானையால் ஒற்றினாள். ஓலைப் புகை வாடை அடித்தது. பிறகு திரும்பிப் பார்த்தாள்.

"சஜீவா, ஆளுங்களைக் கூப்பிடு. எல்லாத்தையும் எடுத்துட்டுப் போ. உங்கப்பன் மாமரத்துலயே போகட்டும்."

"அம்மா, உங்களுக்கு?" என்றாள் கிரிஜா.

"நீ ஒரு கன்னு நடு. அது பெருத்தப்புறம் போறேன். எனக்கென்ன அவசரம்?"

வராந்தாவில் வந்து உட்கார்ந்து கஞ்சிக் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"ஆறிப்போச்சும்மா, சுட வெச்சுத் தரேன்."

"வேண்டாம். திரும்பவும் அந்த ஓலையை ஊதாதே" என்றவள், இன்னொரு கிண்ணத்தைக் கண்ணால் காட்டினாள். "நீயும் உக்காரு. வாசல்ல இருக்கறவங்க ஒரு வாய்க் கஞ்சி நேரம் காத்திருப்பாங்க."