தேன் உண்ட குலம்

வெள்ளாற்று நீரில் செங்குழம்பைக் கரைத்துவிட்டுக் கதிரவன் மேற்குத் தோப்புகளுக்குள் இறங்கிக்கொண்டிருந்த வேளையில், நாணல்களை விலக்கிக்கொண்டு ஓர் ஓடம் கரை சேர்ந்தது. அந்திச் செக்கரை இன்னும் நான்கு பத்தி வர்ணிக்க நமது எழுத்தாணி துடிக்கிறது. ஆனால், அன்பு வாசகர்களே, ஓடத்திலிருந்து இறங்கிய வாலிபனுக்கு அதையெல்லாம் பொறுக்கும் மனநிலை இல்லை.

அவன் கொடுங்கோட்டை இளவரசன் சேந்தன். மூன்று போர்களில் முன்னணியில் நின்ற அந்த வீரன், குதிரை வணிகன் வேடத்தில், வருங்கால மாமனாரின் நாட்டு ஆதுலசாலை என்னும் மருத்துவச்சாலையில் வைத்தியர் சீகண்டர் முன்னால் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்தான். எட்டாம் நாள் திருமணம். அது நடக்கலாமா கூடாதா என்று இன்றே தெரிந்தாக வேண்டும்.

"ஐயா, என் நண்பன் ஒருவன். அவன் பெரிய தந்தைக்கும் பிள்ளையில்லை, தமையனாருக்கும் இல்லை. ஆண்மைக் குறை குலத்தோடு வருமா?"

"நண்பரின் கையைக் கொண்டுவந்தீரா? இல்லையேல் உம்முடையதையே நீட்டும்!"

நாடியைப் பிடித்தபடியே கேட்டார் வைத்தியர்: "அந்த வீட்டு ஆண்களுக்குத் தீராத தாகம் உண்டா? காலில் புண் வந்தால் ஆறாதா? சிறுநீர் விட்ட இடத்தில் எறும்பு மொய்க்குமா?"

சேந்தனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "மொய்க்கும்! அது இராஜயோகம் என்று அரண்மனைச் சோதிடர்..."

"யோகமா! மதுமேகமய்யா அது, நீரிழிவு! குறை அப்படியே வழிவழியாக வருவது அரிது. குறையைக் கொண்டுவரும் நோய் வரும். வந்தே தீரும் என்றில்லை, விழித்திருந்தால் தள்ளி வைக்கலாம். உமது நாடியில் இன்னும் கேடில்லை. என்ன சாப்பிடுகிறீர்?"

"மணமகன் ஒரு மண்டலம் தேனும் வெல்லமும் கிண்டிய வீரிய லேகியம் உண்பது எங்கள் குலவழக்கம். நாளொன்றுக்கு ஒரு கிண்ணம்."

வைத்தியர் தலையில் கையை வைத்துக்கொண்டார். "பாவிகளா, எரிகிற கூரைக்கு நெய்யா வார்க்கிறீர்கள்? இதுவரை எவர் நாடியைச் சோதித்தீர்கள்?"

"பெண்களுடையதை. அண்ணியாரை மலடியென்று பிறந்தகம் அனுப்பிவிட்டோம்."

"ஆண்களுடையதை?"

"எவரும் தொட்டதில்லை."

திரைக்குப் பின்னால் அதுவரை கேட்டுக்கொண்டிருந்த மருந்து இடிக்கும் ஓசை சட்டென நின்றது. மருந்து இடிக்கும் பணிப்பெண் வேடத்தில், முக்காட்டை விலக்கிக்கொண்டு ஒரு பெண் வந்தாள். நிச்சயதார்த்தத்தன்று ஒரே ஒரு கணம் கண்ட முகம்! மணப்பெண் அமரவல்லி!

"தேவி! தாங்கள்... இங்கே?"

"தாங்கள் கேட்க வந்ததையே கேட்க வந்தேன், இளவரசே. அண்ணியாரின் கதை ஆற்றைத் தாண்டி வந்துவிட்டது. அடுத்த மலடிப் பட்டம் எனக்குத்தானே?"

"திருமணத்தை நிறுத்திவிடலாம். பழி என்னோடு போகட்டும்."

"நோய் வரலாம் என்பதற்காகக் கைவிட மாட்டேன். பெண்மேல் பழிபோடும் வீட்டுக்குத்தான் வரமாட்டேன்."

சேந்தன் வணிக அங்கிக்குள் மறைத்திருந்த வாளை உருவினான். வைத்தியர் பதறிப்போய் நாலடி பின்வாங்கினார். வாளை அமரவல்லியின் காலடியில் கிடத்தி மண்டியிட்டான் இளவரசன்.

"படைத்தலைவர்கள் நிறைந்த சபையில், குறை எங்கள் ஆண்களுடையது என்று என் வாயால் சொல்வேன். அண்ணியாரின் பல்லக்குக்கு முன்னே நடந்துவந்து கோட்டைக்குள் அழைத்துச் செல்வேன். அதன் பிறகே தங்கள் கழுத்தில் மாலை. இது ஆணை!"

"சபை சிரிக்குமே?"

"சிரிக்கட்டும். இத்தனை காலம் அண்ணியார் அழுதார்."

அமரவல்லி குனிந்து, அந்த வாளைத் தானே எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.