சிரிப்பு ஷாட்

மழையில் ஊறிக்கிடந்த ரப்பர் தோட்டத்துக்கு நடுவே இருந்தது அந்த வீடு. வேன் நின்றும் எனக்கு இறங்க மனமில்லை. சினிமாவில் அசோசியேட் டைரக்டராக இருப்பவளுக்கு பங்களாவும் ஆஸ்பத்திரியும் சுடுகாடும் ஒன்றுதான். ஜெனரேட்டர் எங்கே, கழிப்பறை எங்கே என்றுதான் முதலில் பார்ப்போம். அன்று அதற்குக்கூட அலுப்பாக இருந்தது.

நாங்கள் எடுத்துக்கொண்டிருந்தது ஒரு பழைய மேடை நாடகக் கதை. எங்கள் அப்பன்மார் திருவிழா மைதானங்களில் உட்கார்ந்து அழுதுகொண்டே பார்த்த நாடகம். காதலித்த மகளை நெல்லறைக்குள் பூட்டிவைக்கிறார் அப்பா. மனம் இளகிக் கதவைத் திறக்கும்போது அவள் செத்துக் கிடக்கிறாள். டைரக்டர் ரோஷின் அதை இந்தக் காலத்துக்குக் கொண்டுவந்திருந்தான். அப்பா, துபாயிலிருந்து திரும்பிய டாக்டர் ஆனார். நெல்லறை போய், மொபைலில் பூட்டித் திறக்கும் அறை வந்தது. சாவை மட்டும் அவன் மாற்றவில்லை.

மகளாக நடித்தவள் ஷெறின். என் தங்கை பெற்ற பெண், இதுதான் முதல் படம். "பேரும் வேணாம் புகழும் வேணாம், என் கொச்சுப் பொண்ணைப் பத்திரமா திருப்பிக் கொண்டுவந்து விடு சேச்சி" என்று சொல்லித்தான் தங்கை என்னோடு அனுப்பியிருந்தாள்.

அன்று எடுக்கவேண்டியது சவப்பெட்டிக் காட்சி. கூடத்தில் பெட்டி, மெழுகுவர்த்தி, வாடத் தொடங்கிய மல்லிகை. வெள்ளைப் புடவையில் ஷெறின் படுத்தாள். அப்பாவாக நடித்த குட்டன் சேட்டன் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். பாதி ஆயுளை நாடகக் கம்பெனிகளில் கழித்த மனுஷன்.

"மோளே, உனக்கு பஞ்சு மெத்தை போட்டிருக்கான். என் லாட்ஜ்ல கோரைப் பாய்தான், தெரியுமா?"

"மாத்திக்கலாமா சேட்டா?"

"ஐயோ, என் முறை வரும்போது வந்து படுத்துக்கறேன்."

எல்லாரும் சிரித்தோம்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பிணமாக நடித்தவர், காட்சி முடிந்த கையோடு அதே இடத்தில் எழுந்து உட்கார்ந்து, கேமராவைப் பார்த்துச் சிரிக்கவேண்டும். அந்த ஷாட் படத்தில் வராது. ஆனால் அதை எடுக்காமல் ஒருவரும் வீட்டுக்குப் போகமாட்டோம். செத்தவர் திரும்பி வந்துவிட்டார் என்று காட்டுவதற்காக.

"நாடகத்துல கடைசியா திரையை மறுபடி தூக்கறது இதுக்குத்தான்" என்றார் குட்டன் சேட்டன். "செத்தவங்க எல்லாம் எழுந்து நின்னு கும்பிடுவாங்க. இந்த நாடகத்துல மகள் வேஷத்தை முதல்ல கட்டின பொண்ணு எழுந்திருக்கலை. ஜனங்க கை தட்டறாங்க, தட்டறாங்க... அவ எழுந்திருக்கவே இல்ல."

"சேட்டா, படுத்திருக்கற பிள்ளைகிட்ட சொல்ற கதையா இது? வாயை மூடுங்க" என்று அதட்டினேன்.

ஒரே டேக். ஓ.கே. ஆனால் ஷெறினுக்கு அப்படி ஒரு நடுக்கம். பல் கிட்டியது. மாடிக்குக் கூட்டிப்போய்ப் போர்த்திவிட்டு, பால் விடாத கட்டன்சாயா கொடுத்துவிட்டு இறங்கினேன். கூடத்தில் விளக்குகளைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.

"சிரிப்பு ஷாட்?"

"முடிஞ்சுது சேச்சி" என்றான் ரோஷின். "வெளிச்சம் போயிட்டிருந்துச்சு. டூப் பொண்ணைப் படுக்க வெச்சு எடுத்துட்டேன். அதே புடவை, அதே உயரம்."

"டேய், அதைப் போய் எவனாவது டூப் வெச்சு எடுப்பானாடா? செத்தவ மேல இருக்கா, எழுந்து சிரிச்சவ வேற ஒருத்தியா?"

"விடுங்க சேச்சி. ப்ரமாதமா சிரிச்சா. நிறுத்தவே இல்ல."

எனக்கு எரிச்சல். அவனோடு மல்லுக்கட்டத் தெம்பில்லாமல், டூப் பெண் ரெஜிலாவுக்குப் போன் போட்டேன்.

"உனக்காவது புத்தி வேணாமாடீ? அவன் சொன்னா நீ படுத்துடுவியா?"

"என்ன சேச்சி சொல்றீங்க? எனக்குக் காய்ச்சல். நான் இன்னிக்கு வரவே இல்லையே."

மழைச் சத்தம் திடீரென்று பெரிதாகக் கேட்டது.

காலையில் மாடியிலிருந்து சாப்பாட்டு மேசைக்கு ஷெறினைக் கூட்டிவந்தேன். எல்லாருக்கும் அப்பமும் கடலைக்கறியும் வந்தன. அவளுக்குத் தட்டே வரவில்லை. பரிமாறியவன் அவள் மூக்குக்கு முன்னால் கையை நீட்டி எனக்கு வைத்துவிட்டுப் போனான்.

"என்ன ஆன்ட்டி, ஸ்டாரை இப்படியா கவனிப்பாங்க?" என்று சிரிக்கப் பார்த்தாள். "பரவால்ல. பசியே இல்ல. குளிருதுதான்."

அவள் கையைப் பிடித்தேன். ஈரக்கல் மாதிரி இருந்தது. மேலெல்லாம் வாடின மல்லிகை வாசம்.

குட்டன் சேட்டன் வந்தார். ஷெறின் உட்கார்ந்திருந்த நாற்காலியைத் தனக்காகப் பின்னால் இழுத்தார்.

அவள் துள்ளி எழுந்தாள். அவர் உட்கார்ந்து அப்பத்தைப் பிய்த்தார்.

கர்த்தாவே! கையைப் பிடித்து அவளைக் கூடத்துக்கு இழுத்துக்கொண்டு ஓடினேன்.

"ரோஷின், கேமராவை வை. சிரிப்பு ஷாட்டை மறுபடி எடு. இப்பவே. இவளை வெச்சு."

"எவளை வெச்சு?"

"நீ எடுடா!"

என் முகத்தைப் பார்த்து பயந்தோ என்னவோ, எடுத்தான். ஷெறின் பெட்டிக்குள் ஏறிப் படுத்தாள்.

"ஆக்‌ஷன்" என்று நானே சொன்னேன்.

கண்ணைத் திறந்தாள். எழுந்து உட்கார்ந்தாள். குளிரில் உதடு நடுங்க, கேமராவைப் பார்த்துச் சிரித்தாள். ஐந்து வயதில் பல் விழுந்தபோது சிரித்த அதே சிரிப்பு. என் கண்ணால் பார்த்தேன். எனக்கு உயிர் வந்தது.

"போதுமா சேச்சி?" என்றான் ரோஷின் மெதுவாக. "காலிப் பெட்டியை எதுக்கு எடுக்கச் சொன்னீங்க? தூங்கினீங்களா இல்லையா ராத்திரி?"

மானிட்டரைப் பார்த்தேன்.

பெட்டி. மெத்தை. நசுங்கிய பூ.

வேறொன்றும் இல்லை.

"இன்னொரு தடவை" என்றேன். "இன்னொரு தடவை எடுடா. கெஞ்சிக் கேக்கறேன்."

மாடியில் கதவு திறந்தது. கொலுசுச் சத்தம் படி இறங்கியது. வெள்ளைப் புடவை. ஷெறினின் முகம், ஷெறினின் நடை. கன்னத்தில் நல்ல ரத்த ஓட்டம். கடைசிப் படியில் நின்று, கூடத்தில் இருந்தவர்களை ஒருமுறை பார்த்தாள். பிறகு இரண்டு கையையும் கூப்பி, மேடையில் கும்பிடுவதுபோல் நிதானமாகக் குனிந்தாள்.

சும்மா விளையாட்டுக்கு யாரோ கை தட்டினார்கள். குட்டன் சேட்டன் மட்டும் தட்டவில்லை. அவர் முகம் வெளுத்துப்போயிருந்தது.

"குட்மார்னிங் ஆன்ட்டி" என்றாள் என்னைப் பார்த்து. அவளுடைய குரலேதான்.

"வா வா ஷெறின்" என்று ரோஷின் கலகலத்தான். "உன்னைத்தான் தேடிட்டிருந்தோம். நேத்து கலக்கிட்டே மோளே!"

என் தங்கைக்கு எவளைக் கொண்டுபோய் விடுவேன்?

பெட்டிக்குள்ளிருந்து ஒரு சில்லிட்ட கை என் மணிக்கட்டைப் பற்றியது.

"ஆன்ட்டி, அவர் யாரை ஷெறின்னு கூப்பிடறார்?"