ஒரு படகளவு தண்ணீர்

நவம்பர் கடைசியில் மேவிஸ் டோலி தன் படகைப் பழைய இடத்திலேயே கொண்டுவந்து கட்டினாள். ஸ்டோக்லி மதகுக்குக் கீழே, கால்வாய் லேசாக வளைகிற இடம். படகையே வீடாக்கிக்கொண்டு கோடையெல்லாம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டுக் குளிருக்குப் பயந்து அடைகிற சனங்கள் அங்கே தங்கள் இரும்புப் படகுகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டிவிட்டு மார்ச் வரை அசைய மாட்டார்கள். அந்த வருடமும் வரிசை நிரம்பிவிட்டது. மேவிஸின் படகுக்கு முன்னால் மட்டும் ஒரு படகு நிற்கிற அளவுக்குத் தண்ணீர் காலியாகக் கிடந்தது.

போன குளிரில் அங்கே வில்ஃப் ஹட்சனின் பச்சைப் படகு நின்றது. அவன் செத்ததும் அவனுடைய மகள் படகை எவனோ வடக்கத்திக்காரனுக்கு விற்றுவிட்டாள்.

மேவிஸ் வேறு இடம் கேட்டிருக்கலாம். கேட்டால் ஏன் என்று கேட்பார்கள். அதற்குப் பயந்துதான் அவள் மறுபடி அங்கேயே கட்டினாள்.

மறுநாள் நெவில் வந்தான். கரியும் டீசலும் எரிவாயு உருளையும் ஏற்றிக்கொண்டு படகு படகாக விற்றுப் போகிறவன். முகம் கழுவினாலும் கண்ணோரத்துக் கரி போகாது.

"அதே எடமா? நெஞ்சழுத்தம்தாம்மா உனக்கு," என்றான்.

"எடம் என்ன பண்ணுச்சு?"

"அப்படிச் சொல்லு. வில்ஃப் எடத்துல எவனும் கட்ட மாட்டேங்கிறான். நல்ல வெயில் விழற எடம். வில்ஃப் அதுக்காக எத்தன பேரு கூட மல்லுக்கு நின்னிருக்கான்."

"எனக்கு அஞ்சு மூட்ட எறக்கு. இடுப்பு வலி எனக்கு, கொண்டாந்து வச்சுட்டுப் போ."

மூட்டைகளைக் கூரையில் அடுக்கிவிட்டு, கிளம்பும்போது அவன் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னான்.

"பொகையப் பாத்துக்கங்க."

குளிர்காலப் படகு வரிசையில் எல்லோரும் சொல்லிக்கொள்கிற வார்த்தை அது. காலையில் எழுந்ததும் தனக்கு முன்னால் நிற்கும் படகின் புகைபோக்கியைப் பார்க்க வேண்டும். புகை வந்தால் ஆள் எழுந்து, சுள்ளி வைத்து, ராத்திரி மூடிவைத்த கரி அடுப்பைக் கிளறிவிட்டார் என்று அர்த்தம். ஒன்பது மணிக்குள் புகை வராவிட்டால் கூரையில் இரண்டு தட்டுத் தட்ட வேண்டும். உள்ளேயிருந்து "எழுந்தாச்சு" என்று குரல் வரும், தூக்கம் கெட்ட எரிச்சலில் கூடவே நாலு வசவும் வரும். இரும்புப் பெட்டிக்குள் நெருப்பை வைத்துக்கொண்டு தூங்குகிறவர்களுக்கு அந்த இரண்டு தட்டின் அருமை தெரியும்.

போன ஜனவரியில் வில்ஃபின் புகையைப் பார்க்க வேண்டியவள் மேவிஸ்.

பார்க்கவும் செய்தாள்.

அப்போது இருவருக்கும் பேச்சு இல்லை. கரைப்பாதையில் அவள் கரி மூட்டை வைத்திருந்ததை வில்ஃப் போய்க் கால்வாய் மேற்பார்வையாளரிடம் சொல்லிவிட்டான். ஆலங்கட்டி மழையில், நொண்டி இடுப்போடு, ஒவ்வொரு மூட்டையாக அவள் கூரைக்கு ஏற்றினாள். அவன் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே டீ குடித்தான். அந்த வயிற்றெரிச்சல் அடங்குவதற்குள் அந்தக் காலை வந்துவிட்டது. விடிந்து வெகுநேரமாகியும் பச்சைப் படகில் புகை இல்லை.

'அடுப்பு அணைஞ்சிருச்சு பாரு. வரட்டும். வந்து எங்கிட்ட ரெண்டு கங்கு கேக்கட்டும்' என்று நினைத்தாள். ரொட்டி வாட்டினாள். கருகிய இடத்தைக் கத்தியால் சுரண்டிவிட்டு ஆரஞ்சுப் பழப்பாகு தடவினாள். ஜன்னலருகே நின்று, புகையில்லாத புகைபோக்கியைப் பார்த்துக்கொண்டே தின்றாள். ஒன்பது அடித்தது. ரேடியோவைப் போட்டுக்கொண்டாள்.

மத்தியானம் நெவில் வந்துதான் தட்டினான். பிறகு கதவை உடைத்தான். கதவுக்குப் பின்னால் தரையில் வில்ஃப் குப்புறக் கிடந்தான், தாழ்ப்பாளை நோக்கி ஒரு கை நீண்டிருந்தது. புகைக்குழாயில் கரி அடைத்துக்கொண்டு, வெளியே போக வேண்டிய நச்சுக்காற்றெல்லாம் உள்ளே நிறைந்திருந்தது. காலை பத்து மணி வரை உயிர் இருந்திருக்கும் என்று விசாரணையில் டாக்டர் சொன்னார். மேவிஸையும் கேட்டார்கள்.

"அன்னிக்குன்னு பாத்து நான் தூங்கிட்டேன்," என்றாள்.

எல்லோரும் அவளைத் தேற்றினார்கள். நெவில் எதிர்க்கடைக்குக் கூட்டிப்போய் டீ வாங்கிக் கொடுத்தான். அந்த டீயை அவள் கடைசிச் சொட்டு வரை குடித்தாள். பொய் சொன்னதைக்கூடத் தாங்கிக்கொள்ள முடிந்தது, அந்த டீயை நினைத்தால்தான் தாங்கவில்லை.

டிசம்பர் நடுவில் கால்வாய் உறைந்தது. பெரிய குளிர். வாத்துகள் பனிக்கட்டிமேல் வழுக்கி வழுக்கி நடந்தன. கரைப்பாதையில் வழுக்காமலிருக்க ஆளாளுக்கு அடுப்புச் சாம்பலைக் கொட்டினார்கள். நெவிலின் படகு மதகுக்கு மேலேயே மாட்டிக்கொண்டது.

காலி இடம் மட்டும் உறையவில்லை.

சுற்றிலும் வெள்ளையாகப் பனிக்கட்டி, நடுவில் கறுப்பாகத் தண்ணீர். ஒரு பக்கம் கூராக, மறுபக்கம் மழுங்கலாக, ஒரு படகின் நீளத்துக்கு. அடுப்பு எரிகிற படகு நின்றால் அதன் வயிற்றுச் சூட்டில் அடியில் தண்ணீர் உறையாது. வரிசையில் இருந்த அத்தனை பேருக்கும் அது தெரியும். ஆனாலும் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஊற்று ஏதாவது இருக்கும், சாக்கடைத் தண்ணீர் கலக்கும் என்று ஆளுக்கொன்று சொல்லிவிட்டுச் சீக்கிரமாக நடந்தார்கள். கிட்டே நின்றால் கரிப்புகை நெடி வந்தது.

மறுநாள் காலை மேவிஸின் கூரையில் தட்டும் சத்தம் கேட்டது.

இரண்டு தட்டு.

அவளுடைய அடுப்பு நன்றாக எரிந்துகொண்டிருந்தது. புகையும் போய்க்கொண்டிருந்தது. கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். பாதையில் அவள் முந்தின மாலை கொட்டிய சாம்பல் கலையாமல் கிடந்தது. கூரையில் படிந்திருந்த உறைபனியில் மட்டும், விரல் முட்டி பட்டாற்போல அருகருகே இரண்டு தடங்கள்.

மணி ஒன்பது.

அடுத்த நாளும் கேட்டது. அதற்கடுத்த நாளும் கேட்டது. போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு கிடந்தாள். பதில் வராததால் தட்டல் மறுபடி வந்தது, கொஞ்சம் பலமாக, கொஞ்சம் பதற்றமாக. கடைசியில் அவள் வாயிலிருந்து தானாக வந்துவிட்டது.

"எழுந்தாச்சு."

தட்டல் நின்றது.

அதிலிருந்து தினமும் அப்படித்தான். அவன் தட்டுவான், அவள் குரல் கொடுப்பாள். அவன் கத்தியிருந்தால், சாமான்களைப் போட்டு உடைத்திருந்தால் அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். பக்கத்துப் படகுக்காரன் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டுப் போகிறான். அதுதான் அவளைக் கொன்றது. பதில் சொன்ன பிறகு தினமும் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து அழுதாள்.

குளிர் விடவில்லை. கரி தீர்ந்துகொண்டே வந்தது. நச்சுக்காற்றுக்குக் கத்துகிற அலாரத்தில் பேட்டரி போய்விட்டது, நெவில் வந்தால் வாங்கிக்கொள்ளலாம் என்று கழற்றி அலமாரியில் வைத்திருந்தாள். ஈர விறகை எரித்துக் குழாயெல்லாம் பிசினாக அப்பியிருந்தது. ஒருநாள் அடுப்பை விடியும் வரை தாக்குப்பிடிக்க வைக்க வேண்டும் என்று, மிச்சமிருந்த கரித்தூளை நனைத்துக் கங்கின்மேல் அப்பி, காற்றுத் துளையை இறுக்க மூடினாள். கதவிலிருந்த காற்றோட்டச் சல்லடையிலும் பழைய துண்டைத் திணித்தாள். படகில் வாழ்கிறவர்கள் செய்யவே கூடாதது அது. அவளே எத்தனையோ புது ஆட்களை அதற்காகத் திட்டியிருக்கிறாள்.

கண் விழித்தபோது நன்றாக விடிந்திருந்தது. தலையைத் தூக்க முடியவில்லை. அறை கதகதவென்று இருந்தது. இத்தனை நாளில் இல்லாத சுகமான சூடு, அப்படியே கிடந்துவிடலாம் போல. எழுந்திருக்கப் பார்த்தாள், கால் மடங்கித் தரையில் விழுந்தாள்.

அப்போது புரிந்தது.

கதவு நாலடி தூரத்தில் இருந்தது. கை நகர்ந்தது, உடம்பு நகரவில்லை. சுவர்க் கடிகாரம் கண்ணுக்குள் இரண்டாகத் தெரிந்தது. ஒன்பதாகப் போகிறது.

தட்டுவான். பதில் வரவில்லை என்றால் பலமாகத் தட்டுவான். வரிசை முழுக்கக் கேட்கும், யாராவது ஓடி வருவார்கள். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கூரையையே பார்த்துக் கிடந்தாள்.

ஒன்பது அடித்தது.

தட்டல் வரவில்லை.

வேறொரு சத்தம் வந்தது. முன்பக்கத்திலிருந்து, காலியான தண்ணீருக்கு மேலிருந்து. சரக், சரக் என்று மெதுவாக. கருகிய ரொட்டியைக் கத்தியால் சுரண்டுகிற சத்தம்.

பிறகு வாட்டிய ரொட்டியின் வாசனை வந்தது. ஆரஞ்சுத் தோல் வாசனையும் வந்தது.

கோப்பையை யாரோ சாசரில் வைத்தார்கள்.

யாரோ ஜன்னலருகே நின்று அவளுடைய புகைபோக்கியைப் பார்த்துக்கொண்டே மெல்லுகிறார்கள். அவளுக்குச் சந்தேகமே இல்லை. அப்படி நிற்பது எப்படி என்று அவளுக்குத் தெரியும்.

ரேடியோ முணுமுணுக்க ஆரம்பித்தது.

"வில்ஃப்..." குரல் தரையோடு தரையாக வந்தது. "நான் தூங்கல. அன்னிக்கு நான் முழிச்சுத்தான் இருந்தேன். பொக வரலன்னு பாத்தேன். பாத்துட்டுத்தான் சும்மா இருந்தேன். வேணும்னுதான் வில்ஃப்."

கத்தியின் சத்தம் நின்றது.

அதற்குப் பிறகு முகத்தில் குளிர்காற்று அறைந்ததுதான் அவளுக்கு நினைவிருக்கிறது. கரைப்பாதையில், சாம்பல்மேல் கிடந்தாள். நெவில் அவளைப் போர்வையில் சுருட்டி மடியில் கிடத்திக்கொண்டு, கன்னத்தில் தட்டிக்கொண்டிருந்தான். பக்கத்தில் பனியில் சுமை இழுக்கிற ஒரு சறுக்குப் பலகை, அதன்மேல் இரண்டு மூட்டைக் கரி. மதகிலிருந்து இழுத்துக்கொண்டே நடந்து வந்திருக்கிறான்.

"மூச்ச இழு. இன்னும் நல்லா இழு. கிழவி, நீயா சல்லடையில துணி அடைச்ச? உனக்குப் புத்தி இருக்கா?"

"எப்படி... தெரிஞ்சுது?"

"எங்க தெரிஞ்சுது. ரொட்டி வாசனை தூக்குச்சு. நமக்கும் ஒரு துண்டு கெடைக்கும்னு தட்டாமக்கூட கதவத் தள்ளுனேன்."

"எங்கிட்ட ரொட்டி தீந்து மூணு நாளாச்சு நெவில்."

அவன் திரும்பி அந்தக் கறுப்புத் தண்ணீரைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான்.

ஆம்புலன்ஸ் வருவதற்குள் அவள் சொல்லிவிட்டாள். மூட்டைச் சண்டை, ரொட்டி, ரேடியோ, விசாரணையில் சொன்ன பொய் எல்லாவற்றையும். முடித்ததும் நெவில் அவளை மெதுவாக மடியிலிருந்து இறக்கி, மூட்டையில் சாய்த்து உட்கார வைத்தான்.

"உனக்கு நான் டீ வாங்கிக் குடுத்தேன்," என்றான்.

அவ்வளவுதான் சொன்னான். கரி மூட்டைகளை அவளுக்கே விட்டுவிட்டு, வெறும் பலகையை இழுத்துக்கொண்டு போனான். "பொகையப் பாத்துக்கங்க" என்று சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். திரும்பி வந்தபோது காலி இடம் இன்னும் உறையாமல்தான் இருந்தது. சொல்லிவிட்டேன், இனிமேல் விட்டுவிடுவான் என்று அவள் நினைத்தாள். மறுநாள் காலை அடுப்பை ஏற்றி, சல்லடையைத் திறந்துவிட்டு, ஒன்பது மணிக்காகக் காத்திருந்தாள். கூரையில் தட்டல் வரவில்லை.

அவளுக்குப் புரிந்தது. இது அவன் தட்ட வேண்டிய முறை இல்லை, அவளுடைய முறை.

மேல்கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். காலித் தண்ணீரின் ஓரத்தில், பச்சைப் படகின் பின்கதவு இருந்திருக்க வேண்டிய இடத்தில் நின்றாள். பார்க்கிறவர்கள் பார்க்கட்டும். கையை நீட்டி, கூரை இருந்திருக்க வேண்டிய உயரத்தில் வெறும் காற்றில் முட்டியால் தட்டினாள்.

இரும்பு அதிர்ந்தது.

இளஞ்சூடாக இருந்தது. இன்னொரு முறை தட்டினாள்.

"வில்ஃப்," என்றாள். "எழுந்தாச்சா?"

குரல் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கீழேயிருந்து, தரை மட்டத்திலிருந்து, மரக்கதவின் உட்பக்கத்தை நகத்தால் சுரண்டுகிற சத்தம் வந்தது. பலமில்லாத சத்தம். நின்று நின்று வந்தது.

அவன் இன்னும் உயிரோடு இருந்தான்.

மேவிஸ் மண்டியிட்டுக் கதவைத் தேடினாள். தாழ்ப்பாளைத் தேடினாள். துழாவிய இடமெல்லாம் கைக்குக் காற்றும் குளிர்ந்த தண்ணீரும்தான் கிடைத்தன.

பத்து மணி வரை அந்தச் சுரண்டல் நிற்கவில்லை.