கூட வந்தவங்க

தண்ணீர் இரண்டு குவளைகளில் வந்தது. அறையில் இருந்ததோ ஒற்றக்காவும், மூளையின் ஞாபகத்தையும் கவனத்தையும் சோதிக்கிற டாக்டரம்மாவும்தான். டாக்டரம்மா முன்னால் அவருடைய சொந்தத் தண்ணீர் பாட்டில் இருந்தது. அப்போ இன்னொன்று யாருக்கு? கேட்க வாயெடுத்தாள், வந்த இடத்தில் எதற்கு வம்பு என்று விழுங்கிவிட்டாள்.

ஒற்றக்கா என்பது அச்சகத்தில் வைத்த பெயர். விட்டுப்போன ஒற்றெழுத்தை மோப்பம் பிடித்தே கண்டுபிடிக்கிற பிழைதிருத்துநர். கட்டிக்கொள்ளவும் இல்லை, பெற்றுக்கொள்ளவும் இல்லை. ஒரு வீடு, அதில் அவள் ஒருத்தி. ஒரே ஒரு தடவை அடுப்பை அணைக்க மறந்து பாத்திரம் கருகியதற்குத் தம்பி போனிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டான். "டெஸ்ட்டுல நல்லா வந்தா உன் வீட்டுலயே இரு அக்கா. இல்லேன்னா முதியோர் இல்லந்தான்." கூட வர அந்த மகராசனுக்கு நேரமில்லை. பஸ் பிடித்துத் தனியாகத்தான் வந்தாள்.

"இது பரீட்சை இல்லைம்மா, பாஸ் ஃபெயில் கிடையாது," என்றார் டாக்டரம்மா. "ஊசி, வலி ஒண்ணும் இல்ல. கொஞ்சம் ஞாபகம், கொஞ்சம் கணக்கு, படம் வரையறது. களைப்பா இருந்தா சொல்லுங்க. நடுவுல கூட வந்தவங்ககிட்டயும் பேசுவேன்."

எல்லாருக்கும் சொல்கிற பல்லவி போலிருக்கிறது என்று விட்டுவிட்டாள். பரீட்சை இல்லையாம்! வீடே போகப்போகிறது.

குடை, கிணறு, முகம், கதவு என்று சொன்ன சொற்களைத் திருப்பிச் சொன்னாள், கடிகாரம் வரைந்தாள், கட்டைகளை அடுக்கினாள். ஏ.சி. முனகிக்கொண்டே இருந்தது. தரை துடைத்த மருந்து நெடிக்கு அடியில், கதவிடுக்கு வழியாக, பாச்சை உருண்டையும் பழைய காகிதமும் கலந்த இன்னொரு வாசனை மெல்ல மெல்லக் கசிந்து வந்து அவள் பக்கத்தில் நின்றது. அவள் வீட்டு அலமாரியின் வாசனை.

இடைவேளையில் டாக்டரம்மா வெளி அறைக்குப் போனார். அவர் கேட்கிற கேள்விகள் காதில் விழுந்தன. பதில்கள் விழவில்லை. பதிலுக்கான இடைவெளி மட்டும் இருந்தது. யாரோ வேறு நோயாளியின் சொந்தக்காரர்களாக இருக்கும்.

திரும்பி வந்தவர் சிரித்தார். "ராத்திரி வாசல் தாழ்ப்பாளைப் போட்டுட்டு, நெத்தியால ஒரு தடவை தொட்டுப் பாப்பீங்களாமே? உங்க கூட வந்தவங்க சொன்னாங்க."

அந்தப் பழக்கம் உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது.

"நான் தனியாத்தானே வந்தேன்?"

டாக்டரம்மாவின் சிரிப்பு மறைந்தது. பேனாவை எடுத்தார். கூட வந்தவரையே நினைவில்லை என்று எழுதப்போகிறார். போச்சு. வீடு போச்சு.

"ஐயோ, சும்மா சொன்னேன் டாக்டர்!" என்று சிரித்தாள். "தெரியாமலா?"

"யாரு அவங்க?"

"என் வீட்டுல... என் கூடவே இருக்கறவங்க."

வெளியே நாற்காலி கிறீச்சிட்டது.

"நல்லதும்மா. துணைக்கு ஆள் இருக்கு, ஞாபகமும் பரவாயில்ல. நீங்க உங்க வீட்டுலயே இருக்கலாம். 'நாங்க நல்லாத்தான் இருக்கோம்'னு அவங்களும் சொன்னாங்க."

நாங்க. கேட்பவரை வெளியே நிறுத்துகிற சொல். கேட்பவரும் உள்ளே என்றால் நாம. எத்தனை பேருக்கு இதைத் திருத்தியிருப்பாள்! அந்த 'நாங்க'வில் டாக்டரம்மா இல்லை. அவள் இருந்தாள்.

எழுந்தபோது இரண்டாவது குவளை காலியாக இருந்தது. வெளி அறையில் ஆளே இல்லை. ஒரு நாற்காலியின் மெத்தை மட்டும் அமுங்கியதிலிருந்து மெதுவாக மேலெழும்பிக்கொண்டிருந்தது.

பஸ்ஸில் கூட்டம் நெரிந்தது. அவள் பக்கத்து இடம் காலி. ஒரு பெண் வந்து, பார்த்து, "ஓ, ஆள் இருக்கா," என்று தள்ளிப் போனாள்.

ஓட்டமும் நடையுமாக வீட்டை அடைந்தாள். பூட்டைத் திறந்தாள். உள்ளே பாய்ந்தாள். கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள். அப்பாடா! எதுவானாலும் இனி வெளியேதான்.

இருட்டு. பாச்சை உருண்டை வாசனை.

"நாம வந்துட்டோம்," என்றது ஒரு குரல். அன்பாக.

அவளைச் சேர்த்து 'நாம' என்று ஒருவர் சொல்லி எத்தனை வருஷம் ஆயிற்று! பயத்துக்கு நடுவிலும் கண் நிறைந்தது. அதுதான் கொடுமை. கால் நகரவில்லை. பழக்கம் மட்டும் நகர்ந்தது. தலை குனிந்தது, தாழ்ப்பாளைத் தொட.

இரும்பு இல்லை.

சில்லென்று, இன்னொரு நெற்றி.