இரைச்சலைக் கழித்தல்

பெரியவர் இருமினார். சற்றுப் பொறுத்து, மேசைமேல் இருந்த ஸ்பீக்கரும் இருமியது.

ஒளித்துகள் விழும்போதெல்லாம் ‘டிக்’ என்று மட்டும் சொல்லவேண்டிய ஸ்பீக்கர் அது. லேசரையோ மூடியாகிவிட்டது. வெளியே நண்பகல்; ஜன்னலில்லாத அந்த ஆய்வுக்கூடத்தில் கும்மிருட்டு.

இரு கண்ணாடிகளுக்கு நடுவே சிறைப்பட்ட அணுக்களிலிருந்து கசியும் ஒளி தொலைந்துபோவதில்லை, சுற்றுப்புறம் அதை நினைவில் வைத்துத் திருப்பித் தருகிறது என்பது மகளின் கண்டுபிடிப்பு. எல்லாம் இட்டுக்கட்டியது என்று யாரோ கிளப்பிவிட, விசாரணைக் குழு பக்கத்து அறையில் வந்து உட்கார்ந்திருக்கிறது. அவர் தொடங்கிய கூடம். அவர் மகள். விடுவாரா?

“இரைச்சலை மட்டும் தனியா பதிவு பண்ணி அளவீட்டிலேர்ந்து கழிக்கணும்ப்பா. உள்ள ஆள் இருந்தா அதுவும் இரைச்சலாயிடும்” என்று விளக்கை அணைக்குமுன் மகள் கெஞ்சிப் பார்த்திருந்தாள்.

“உங்கம்மா கல்யாணமான நாள்லேர்ந்து அதைத்தான் சொல்றா. போ, போய் வேலையைப் பாரு. பின்னால எவனும் பல்லு மேல நாக்கைப் போட்டுப் பேசக் கூடாது. நான் காவலுக்கு உக்காந்திருந்தேன்னு சொல்லணும்.”

இப்போது சுவரிலிருந்த இன்டர்காமில் அவள் குரல் வந்தது. “பதிவு முடிஞ்சுதுப்பா. கழிக்க ஆரம்பிக்கிறேன்.”

நாற்காலிக் காலை அதிரவைத்துக்கொண்டு அதுவரை ஓயாமல் உறுமிய வெற்றிடப் பம்பின் ஓசை, யாரோ உள்ளங்கையால் மெல்லப் பொத்தியதுபோல அடங்கியது. சூடேறிய மின்கம்பிகளின் வாசனை போயிற்று. குளிர் போயிற்று. கைத்தடியால் தரையைத் தட்டினார். தரையில் ஓசையில்லை, ஸ்பீக்கரில் கேட்டது.

“நிறுத்தும்மா!”

உதடுகள்தான் அசைந்தன.

டிக். டிக்.

பயந்து ஓடுவது அவர் குடும்பத்தில் கிடையாது. ஆனாலும் எழப் பார்த்தார். கால்கள் எங்கே என்று தெரியவில்லை. நெஞ்சில் கை வைத்தார். துடிப்பு மேசைமேல் கேட்டது. மெல்ல. இன்னும் மெல்ல.

பிறகு ஸ்பீக்கரும் ஓய்ந்தது.

கதவு திறந்தது. விளக்கு எரிந்தது. குழுத் தலைவர் திரையை உற்றுப் பார்த்தார். “துளி பிசிறில்ல. உங்கமேல சந்தேகப்பட்டதுக்கு மன்னிக்கணும்மா. பதிவு பண்ணும்போது உள்ள யாராவது இருந்தாங்களா?”

“யாருமில்ல சார்” என்றாள் மகள், கண்ணில் சலனமே இல்லாமல். “நான் யாரையும் உள்ள விடுறதில்ல.”

நிம்மதியாக ஒரு பெருமூச்சு விட்டு, நாற்காலியை மேசையருகே இழுத்து, பெரியவர் மடிமேல் உட்கார்ந்தாள்.