திக்கல் இல்லாத ஆட்டம்

“அக்கா, களத்துல ஓடுதது நான்தானா?”

ஆட்டக்காரி இசக்கி இப்படி ஒருமுறை கேட்டபோது, அணியின் கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் ஜெனிட்டா சிரித்துவிட்டாள். வாயில் ஒயரைக் கடித்துக்கொண்டிருந்ததால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. அதைத் துப்பிவிட்டு, “பின்ன ஒங்க பெரியம்மையா?” என்றாள். இறுதியாட்டம் தொடங்கச் சற்று நேரமே இருக்கும் இந்த வேளையில் அந்தக் கேள்வி திரும்பி வந்து முள்ளாய்த் தைத்தது.

தூத்துக்குடி அணியின் ஆட்டக்கூடத்தில் வரிசையாகக் கண்ணாடி அறைகள். ஒவ்வொரு அறையிலும் ஒருத்தி, நின்ற இடத்திலேயே ஓடவிடும் மிதிமேடை மேல் நிற்பாள். அவள் நெற்றிப்பட்டை உடம்பின் அசைவைப் படித்து அனுப்ப, ஒளிக்களத்தில் அவளுடைய நிழலாள் கபடி ஆடும். எதிரணி டொரண்டோவில் இருந்தது. கடலடிக் கம்பி வழியே ஓர் அசைவு அங்கே போய்ச் சேரக் கண்ணிமைக்கும் நேரம் ஆகும். கபடியில் அதற்குள் கணுக்காலைப் பிடித்துவிடலாம்.

அந்த இடைவெளியை மறைக்க வந்ததுதான் முன்கணி. ஆடுபவள் அடுத்து என்ன செய்வாள் என்று ஊகித்து, நிழலாளை முன்னதாகவே நகர்த்திவிடும். உண்மையான அசைவு பின்னால் வந்து சேரும். ஊகம் சரியாக இருந்தால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. தவறியிருந்தால் நிழலாளைப் பின்னுக்கு இழுத்துத் திருத்தும். அந்த வெட்டி இழுப்புக்குத்தான் திக்கல் என்று பெயர்.

விளையாட்டுக்கென்று வந்த முன்கணி வீட்டுக்குள்ளும் புகுந்துவிட்டது. கை நீட்டுமுன் குழாய் திறந்தது. ஆள் எழுந்து வருமுன் கதவு விலகியது. டீக்கடை இயந்திரம் வாய் திறக்குமுன் சர்க்கரை இல்லாமல் ஊற்றிக் கொடுத்தது. எங்காவது ஒரு கதவு யாருக்காவது திக்கினால், கதவை யாரும் குறை சொல்வதில்லை. அந்த ஆள்தான் வெட்கப்பட்டு ஒதுங்குவார்.

ஒளிக்கபடியில் திக்கிய ரெய்டு செல்லாது, புள்ளி எதிரணிக்கு. அரையிறுதியில் இசக்கி திக்கித் திக்கி அணியைத் தோல்வியின் வாசல் வரை கொண்டுபோய்விட்டாள். இன்னொரு முறை திக்கினால் இனி எந்த அணியிலும் ஆட முடியாது என்று போட்டியை நடத்தும் ஆட்டக்குழு எழுதி அனுப்பிவிட்டது. கோளாறைக் கண்டுபிடித்துச் சரிசெய்வது ஜெனிட்டாவின் வேலை.

பட்டையை மாற்றிப் பார்த்தாள். வியர்வை பட்டு உப்புப் பூத்த முனைகளைத் தேய்த்துத் துடைத்தாள். கம்பியைப் புதிதாக இழுத்தாள். சூடாகிறதோ என்று கணிப்பெட்டிக்குப் பக்கத்தில் காற்றாடியும் வைத்தாயிற்று.

“எந் தலையக் கழத்திட்டு வேற மாட்டுங்கக்கா, சரியாயிரும்,” என்றாள் இசக்கி.

“வாய மூடிக்கிட்டு ஒரு ரெய்டு போ.”

“வாய மூடிட்டு எப்படிக்கா பாடுதது?”

போனாள். திக்கியது.

ஜெனிட்டா பழைய பதிவுகளை மெதுவாக ஓட்டிப் பார்த்தாள். எல்லாத் திக்கல்களும் ஒரே மாதிரி இருந்தன. இசக்கி இடப்பக்கம் சாய்வாள், பாதியில் மனசு மாறி வலப்பக்கம் திரும்புவாள். அந்த இடத்தில் திக்கும்.

“நீ இடப்பக்கம்தான போற? ஏன் மாத்துத?”

“இடப்பக்கம்னு நெனச்சுத்தான் போறேன். அங்க போனதும் வேற தோணுதுக்கா.”

மற்றவர்களுக்கு அப்படித் தோன்றுவதில்லை. பயிற்சியாளர் லூர்து ஒரே ரெய்டைக் காலையிலிருந்து மாலைவரை போகச் சொல்வார், முன்கணிக்கு அது பழக்கமாகும்வரை. திக்காமல் ஆடுகிறவளை ‘படிஞ்ச பிள்ள’ என்பார். அவர் வாயில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது. அணித்தலைவி ஸ்டெபிதான் எல்லோரிலும் படிந்தவள்.

ஜெனிட்டாவுக்கு ஒரு சந்தேகம் வந்தது. பயிற்சியில் ஸ்டெபி ரெய்டுக்குக் கிளம்பியதும் சத்தமில்லாமல் அவளுடைய பட்டையின் கம்பியைப் பிடுங்கினாள்.

நிழலாள் நிற்கவில்லை. அசைவு வந்து சேரத் தாமதமாகிறது என்று எண்ணிக்கொண்டு முன்கணி ஊகித்துக்கொண்டே போனது. நிழலாள் பாடியது, குனிந்தது, இருவரைத் தொட்டுவிட்டுக் கோட்டுக்குத் திரும்பியது.

ஸ்டெபி மூச்சு வாங்க அறையை விட்டு வந்தாள். “எப்படி இருந்துச்சு நம்ம ரெய்டு?”

ஜெனிட்டாவின் கையில் கம்பி தொங்கிக்கொண்டிருந்தது. “நல்லா இருந்துச்சு,” என்றாள்.

லூர்துவிடம் போய்ச் சொன்னாள். “சார், பட்டை, கம்பி எதுலயும் கோளாறு இல்ல. இசக்கி நெசமா ஆடுதா. அதான் திக்குது. மத்தவங்க ஆடவே வேண்டாம், நெழலாளு அது பாட்டுக்கு ஓடும்.”

அவர் கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்தார். “திருத்தத்த அணைச்சிட்டா?”

“ஊகம் மட்டும்தான் ஓடும். அவ என்ன செஞ்சாலும் களத்துக்குப் போகாது.”

“திக்காதுல்லா?”

“திக்காது.”

“பின்ன என்னம்மா? அந்தப் பிள்ளைக்கு நல்லதுதான பண்ணுதோம். திக்கிச்சின்னா அவ ஆட்டமே முடிஞ்சுது. ஒனக்கு அது சம்மதமா?”

இறுதியாட்டத்துக்குச் சற்று முன்பு ஜெனிட்டா கட்டுப்பலகை முன்னால் உட்கார்ந்தாள். ‘இசக்கி: திருத்தம்’ என்ற விளக்கு பச்சையாக எரிந்தது. ஒரு தொடுதல் போதும். அவள் விரலைத் தூக்கினாள். தொடலாமா கூடாதா என்று யோசித்துக்கொண்டிருக்கையிலேயே விளக்கு அணைந்தது.

பலகையிலும் முன்கணி இருந்தது. அவள் இப்போது கையை இழுத்துக்கொண்டால் போதும், ஊகம் தவறென்று விளக்கு ஒருமுறை திக்கிவிட்டு மறுபடி எரியும். இழுத்துக்கொள்ளவில்லை. விரலைப் பலகைமேல் வைத்தாள். விளக்கு திக்கவில்லை.

“சரியாயிட்டாக்கா?” இசக்கி பட்டையைக் கட்டிக்கொண்டே கேட்டாள்.

“ஆயிட்டு.”

“என்ன கோளாறாம்?”

“ஒயருதான்.”

இசக்கியின் முகம் மலர்ந்தது. “நாங்கூட நாந்தானோன்னு பயந்துட்டேன்.”

ஆட்டம் கடைசிவரை இழுபறியாகவே போனது. இரண்டு அணியும் சமமாக நின்றபோது கடைசி ரெய்டுக்கு இசக்கியை அனுப்பினார் லூர்து. பக்கத்து மண்டபத்தில் கூடியிருந்த கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்ற ஜெனிட்டா களத்தைப் பார்க்கவில்லை. இசக்கியையே பார்த்தாள்.

இசக்கி பாடிக்கொண்டு போனாள். இடப்பக்கம் சாய்ந்தாள். வலப்பக்கம் இருவருக்கு நடுவே ஒரு சந்து தெரிந்திருக்க வேண்டும், சட்டென்று உடம்பை முறுக்கித் திரும்பினாள்.

களத்தில் நிழலாள் திரும்பவில்லை. இடப்பக்கமே போனது. குனிந்து கால் நீட்டியது.

இசக்கி மிதிமேடை மேல் அப்படியே நின்றாள். தன் கையைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். பிறகு வாயை மூடினாள். ஒலிபெருக்கியில் அவள் குரல் ‘கபடி, கபடி’ என்று மூச்சு விடாமல் பாடிக்கொண்டே இருந்தது.

நிழலாள் ஒருத்தியைத் தொட்டுவிட்டுக் கோட்டைத் தாண்டியது. மண்டபம் அதிர்ந்தது. “படிஞ்சிட்டா பாத்தியா,” என்று லூர்து ஜெனிட்டாவின் தோளைத் தட்டினார். திரையில் நிழலாள் இரண்டு கையையும் உயர்த்திக் கும்பிட்டது. கூட்டம் அதன் பெயரைச் சொல்லிக் கத்தியது.

இசக்கி பட்டையைக் கழற்றிக் கொக்கியில் மாட்டினாள். அறையை விட்டு வந்து ஜெனிட்டாவுக்கு நேராக ஒரு கணம் நின்றாள்.

வெற்றி பெற்றவள் பரிசு மேடைக்குத்தான் வருவாள் என்று அந்தப் பக்கத்துக் கதவு முன்பே திறந்து காத்திருந்தது. இசக்கி தெருவைப் பார்த்த கதவுக்குப் போனாள். அது அவளை எதிர்பார்க்கவில்லை. பாதி விலகியது, மூடியது, மறுபடி விலகப் பார்த்துத் திக்கி நின்றது. அவள் இரண்டு கையாலும் அதைத் தள்ளித் திறந்துகொண்டு வெளியே போனாள்.